மேல் ஸ்விட்ச்

உத்தமபாளையம்,
28.10.2024, திங்கட்கிழமை.

ராயப்பன்பட்டி ஷெரினுக்கு, உங்கள் தங்கை ஜெபாவுக்கு எலக்ட்ரீசியன் பாடம் நடத்திய சசிதரன் எழுதுவது.

போன வியாழக்கிழமை நீங்கள் எங்கள் தொழிற்பயிற்சிக் கல்லூரி ஆபீசுக்கு வந்தது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் ஒரே கேள்விதான்.

"அவ பாஸா, பெயிலா? அத மட்டும் சொல்லுங்க சார். அம்மா கேக்குறாக."

"ரிசல்ட் சீட்டு ஜூன்லயே குடுத்தோமேம்மா" என்றேன்.

"அதுல 'தேர்ச்சி பெறவில்லை'ன்னு இருக்கு. மார்க்கப் பாத்தா எல்லாத்துலயும் பாஸ் மார்க் இருக்கு. எத நம்புறது? அடுத்த வாரம் சனிக்கிழமை கல்லறைத் திருநாள். கல்லு வெட்டுறவரு புதன்கிழமைக்குள்ள சொல்லச் சொல்றாரு. பேருக்குக் கீழ ஒரு வரிக்கு இடம் விட்டு வச்சிருக்காரு."

அந்த ஒரு வரி என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. கல்யாணப் பத்திரிகையிலிருந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரை பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடுகிற ஊர் நம்முடையது. நீங்களே சொன்னீர்கள்: "பாஸ் பண்ணிருந்தா 'டிப்ளமோ எலக்ட்ரீசியன்'னு போடணுமாம். இல்லேன்னா வெறும் பேரு போதுமாம். பொய்ய கல்லுல வெட்டி அவ தல மேல வைக்க மாட்டேன்னு அம்மா சொல்றாக."

விதியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இந்தக் கடிதம் அந்தப் பதில்தான். ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் ஜூன் மாதம் நாங்கள் ஒரு வரியில் சொன்னதுதான் இவ்வளவுக்கும் காரணம். ஆகவே வரிசையாக எழுதுகிறேன். இதன் நகல் தேர்வு வாரியத்துக்கும் போகிறது. உங்களுக்குத் தெரிந்த சில விஷயங்களும் மறுபடி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் படிப்பில் தேர்ச்சிக்கு நான்கு நிபந்தனை உண்டு. வருகை நூற்றுக்கு எண்பது இருக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் நாற்பது எடுக்க வேண்டும். செய்முறைத் தேர்வில் அறுபது. நான்காவது, ரெக்கார்டு நோட்டில் உள்ள இருபத்து நான்கு ஜாப்களுக்கும் பயிற்றுநர் கையெழுத்து இருக்க வேண்டும், அதுவும் செய்முறைத் தேர்வுக்கு முன்பே. ஜாப் என்றால் ஒரு வேலைப் பயிற்சி. ஒரு பல்பு ஒரு ஸ்விட்சில் தொடங்கி மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் கட்டுவது வரை.

வருகிற பெற்றோரெல்லாம் "டோட்டல் வந்தா போதும்ல சார்?" என்றுதான் கேட்பார்கள். போதாது. ஒன்றில் மிஞ்சியதை இன்னொன்றில் ஈடு கட்ட முடியாது. நான்கும் தனித்தனி. ஒரு கதவுக்கு நான்கு பூட்டு மாதிரி, மூன்று திறந்தாலும் கதவு மூடியேதான் இருக்கும்.

ஜெபாவின் வருகை தொண்ணூற்று ஒன்று. எழுத்தில் ஐம்பத்தெட்டு. செய்முறையில் எண்பத்து மூன்று, அது வகுப்பிலேயே இரண்டாவது மார்க். ரெக்கார்டில் இருபத்து மூன்று கையெழுத்து. பதினேழாவது ஜாப்புக்குக் கையெழுத்து இல்லை.

பதினேழாவது ஜாப் மாடிப்படி வயரிங். உங்கள் வீட்டில் மாடி இல்லை என்பதால் சொல்கிறேன். கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச், நடுவில் ஒரே விளக்கு. கீழே போட்டுவிட்டு ஏறிப்போய் மேலே அணைக்கலாம். மேலே போட்டுவிட்டு இறங்கி வந்து கீழே அணைக்கலாம். எந்த ஸ்விட்சைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். எரிந்தால் அணையும், அணைந்திருந்தால் எரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கள் லேபில் ஒரு பக்கம் பரண் மாதிரி ஒரு மேல் தளம் இருக்கிறது. இரும்புப் படி, பதினான்கு படி. மேல் ஸ்விட்ச் அங்கே. முதல் வருடம் முதல் நாள் எல்லா பேட்ச்சுக்கும் நான் சொல்வது இதுதான்: "பதினேழாவது ஜாப்புக்கு நான் மேல நிப்பேன், நீங்க கீழ நிக்கணும். நான் ஒரு தட்டு, நீங்க ஒரு தட்டு. ஆளுக்கு மூணு. கடைசியில வெளக்க அணச்சுட்டு 'முடிஞ்சது சார்'னு சொல்லணும். அப்பதான் கையெழுத்து." இது விதிப் புத்தகத்தில் இல்லை. என் முறை. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். கடைசி நான்கு வருடமாகச் சொல்வது மட்டும்தான். முழங்கால் வலி வந்த பிறகு நான் அந்தப் படியில் ஏறியதில்லை. வேறொரு மாணவரை மேலே அனுப்பிவிட்டு, கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடி விளக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். நான் லேபில் இருந்து பார்த்தால் போதும், விதிப்படி அது செல்லும். ஆகவே மற்றவர்கள் தேர்ச்சியில் குறை இல்லை. இதையும் வாரியத்துக்காகவே எழுதுகிறேன்.

ஜெபா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 12, திங்கட்கிழமை, மதியம் மூன்றே கால். "சார், பதினேழு முடிச்சிட்டேன். மேல வாங்க" என்றாள்.

"ரஃபியாவ மேல போகச் சொல்லு. இங்கேருந்தே பாக்குறேன்."

"நீங்கதான மேல நிப்பேன்னு சொன்னீங்க. வேலையே மேலதான் சார் இருக்கு. கீழேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

ரஃபியா அவளுடைய கூட்டாளி, இந்த ஊர்ப் பெண். "ஏடி, சார் ஏறி வர்றதுக்குள்ள கரண்டு போயிரும்டி" என்றாள். லேபே சிரித்தது. ஜெபாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"வர்றேன், நில்லு" என்றேன்.

நின்றாள். நான் போகவில்லை. பெல் அடித்தது, எல்லோரும் போனார்கள். மறுநாளும் கேட்டாள். "நாளைக்குப் பாக்கலாம்." அதற்கடுத்தும் கேட்டாள். ஒருநாள், "ஒக்காந்தே பாக்கலாம் சார், ஒண்ணும் செரமம் இல்ல" என்றாள். மேலே எப்படி உட்கார்ந்து பார்ப்பது, கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். "ஸ்விட்ச் பலகையக் கழட்டாத, நான் பாக்குற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். பிறகு மோட்டார் ஜாப்கள் வந்தன. ஏப்ரல் 3 செய்முறைத் தேர்வு. தேர்வுக்கு முந்தின நாள் ஆபீசுக்கு ரெக்கார்டு பட்டியல் கொடுத்தபோது அவள் பெயருக்கு நேரே இருபத்து மூன்று என்றே எழுதிக் கொடுத்தேன். அவள் பெயரை எழுதுகையில் எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துபோனேன் என்று சொல்ல முடியாது.

ஜூன் 10 ரிசல்ட் வந்தது. மறுநாள் அவள் லேபுக்கு வந்தாள். புதிய பேட்ச்சுக்குச் சேர்க்கை நடந்துகொண்டிருந்த நேரம், நாலைந்து பெற்றோர்கள் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள்.

"சார், பதினேழுக்குக் கையெழுத்து இல்லாம நிப்பாட்டிருக்காங்க."

"நீ காட்டலையே."

"காட்டுனேன் சார். நீங்கதான் மேல வரல."

அத்தனை பேர் முன்னால் அவள் அதைச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. "பாக்காத ஜாப்புக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது? அக்டோபர்ல துணைத் தேர்வு வருது. அப்ப மறுபடி செஞ்சு காட்டு" என்றேன்.

"காத்தாலைக் கம்பெனியில வேலைக்கு எடுத்திருக்காங்க, ஜூலை ஒண்ணாந் தேதிக்குள்ள சர்ட்டிபிகேட் கேட்டிருக்காங்க சார்."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

அவள் மேலே திரும்பிப் பார்த்தாள். அவள் கட்டிய பலகை அப்படியே இருந்தது. நான் கழற்ற வேண்டாம் என்று சொன்னதால் கழற்றவில்லை. பிறகு, "சரி சார்" என்று போய்விட்டாள். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

அந்த வேலை போனதும், அக்டோபர் வரை சும்மா இருப்பானேன் என்று அவள் ஏலக்காய்த் தோட்டத்துக் கூலி வேலைக்கு ஜீப்பில் போக ஆரம்பித்ததும், ஜூலை 9 காலையில் குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்ததும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவள் பெயிலானதால்தான் போனாள் என்று உங்கள் ஊரில் பேசிக்கொண்டதும், வேறு மாதிரிப் பேசியதும் என் காதுக்கு வந்தது. அடக்கத்துக்கு நான் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

இதற்கு அடுத்த பகுதி வாரியத்துக்குப் போகும் நகலில் இல்லை. அது உங்களுக்கு மட்டும். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நான் பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுதுகிறேன்.

ஜூலை 10 அன்று மேல் தளத்துக்குப் போகும் இரும்புக் கேட்டைப் பூட்டினேன். சாவி ஒன்றுதான், என் வளையத்தில் இருக்கிறது. ஏன் பூட்டினேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பலகையைக் கழற்றவும் கை வரவில்லை.

லேபில் ஐந்து மணிக்கு மெயினை அணைப்போம், காலை ஒன்பதுக்குப் போடுவோம். ஆகஸ்ட் 5 காலை மெயினைப் போட்டவுடன் பதினேழாவது ஜாப்பின் விளக்கு எரிந்தது. யாரோ பையன்கள் கீழ் ஸ்விட்சைத் தட்டியிருப்பார்கள் என்று அதைத் தட்டி அணைத்தேன். மறுநாள் காலை மறுபடி எரிந்தது. அணைத்தேன். அதற்கு மறுநாளும்.

அன்று சாயங்காலம் கீழ் ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். கீழ்ப்பக்கம் இறங்கி இருந்தது, விளக்கு அணைந்திருந்தது. ஸ்விட்சின் மேல் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றையும் ஒட்டிவிட்டுப் போனேன். காலையில் மெயினைப் போட்டேன். எரிந்தது. காகிதம் கிழியவில்லை. ஸ்விட்ச் நான் விட்டபடியே இருந்தது.

கீழே மாறாமல் விளக்கு மாறினால் மேலே மாறியிருக்க வேண்டும். இந்த இணைப்பில் வேறு வழி கிடையாது. இதை நானே எத்தனையோ பேருக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். மேலே போகும் கேட்டில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு நூர் முகம்மதுவை உங்களுக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருப்பார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"எலியா இருக்கும் சார்" என்றார்.

"எலி ஸ்விட்ச் போடுமா பாய்?"

"உத்தமபாளையம் எலி சார். ரெண்டு காலேஜ் இருக்கிற ஊரு, படிச்சிருக்கும்."

இருவரும் சிரித்தோம். நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது விளக்கு அணைந்தது. அதன்பிறகு அவர் லேபுக்கு வரவில்லை. ஃபைலில் கையெழுத்து வேண்டுமென்றால் போன் செய்து என்னை ஆபீசுக்கு வரச் சொல்வார்.

செப்டம்பர் முழுவதும் இப்படியே போனது. ஒன்று கவனித்தேன். வகுப்பு நடக்கும்போது விளக்கு மாறாது. மாணவர்கள் சாப்பிடப் போய், நான் மட்டும் நாற்காலியில் இருக்கும்போதுதான் மாறும். பெரும்பாலும் மூன்றே கால் மணிக்கு, டீ இடைவேளையில். ஒரு தட்டு, அவ்வளவுதான். பிறகு ஒன்றும் நடக்காது. யாரோ தன் பங்குக்கு ஒரு தடவை தட்டிவிட்டு என் பங்குக்குக் காத்திருப்பது மாதிரி.

நான் நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அப்படியும் எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழுவது தெரியும்.

போன வியாழக்கிழமை நீங்கள் வந்துவிட்டுப் போன பிறகு, விதிப் புத்தகம் எங்கே என்று நூர் பாயிடம் கேட்டேன்.

"பீரோவுல, பழைய கேள்வித்தாளுக்கு அடியில கெடக்கும். அத எதுக்கு சார் தோண்டுறீங்க?" என்றார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அந்தப் பொண்ணு ரெக்கார்டு நோட்டு ஸ்டோர்லதான் இருக்கு. பதினேழாம் பக்கத்துல பிப்ரவரித் தேதி போட்டு ஒரு கையெழுத்து வச்சிருங்க. ஆபீஸ்ல எண்ணிக்கைய தப்பா அனுப்பிட்டோம்னு நான் வாரியத்துக்கு எழுதிக்கிடுறேன். என் தலையில போகட்டும். சர்ட்டிபிகேட் வந்துரும். அந்தத் தாய்க்கும் மனசு ஆறும். யாருக்கு நட்டம்?"

அவர் நல்ல மனிதர். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கும் அது சரி என்றே பட்டது. உங்களுக்கு வேண்டிய ஒரு வரி கிடைத்துவிடும், என் பெயரும் கெடாது.

சனிக்கிழமை, 26ஆம் தேதி, கல்லூரி விடுமுறை. நல்ல மழை. பதினொரு மணிக்கு நான் தனியாக லேபைத் திறந்தேன். மெயினைப் போட்டேன். அன்று விளக்கு எரியவில்லை. அதுவே எனக்குத் தைரியமாக இருந்தது. ஸ்டோரிலிருந்து நோட்டை எடுத்துவந்து மேஜையில் விரித்தேன்.

பதினேழாம் பக்கம். சர்க்யூட் படம் சுத்தமாக இருந்தது. கீழே "ஆய்வு செய்த நாள்" என்ற கட்டம் காலி. அதன் ஓரத்தில் பென்சிலால், பொடி எழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாகத் தேதி போட்டிருந்தாள். பிப்ரவரி 12, 3.15, சார் வரல. 13, சார் வரல. 15, சார் வரல. 16. 19. 21. 22. 26. 28. மார்ச் 1. கடைசியாக மார்ச் 4, சார் வரல. பதினொரு தடவை. என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. வெறும் தேதியும் அந்த இரண்டு வார்த்தையும்தான்.

பிப்ரவரித் தேதியில் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் இவை இருக்கக்கூடாது. மேஜை டிராயரில் ரப்பர் இருந்தது. எடுத்து முதல் வரியை அழித்தேன்.

விளக்கு எரிந்தது.

ரப்பரைக் கீழே வைத்தேன். மழைச் சத்தத்திலும் ஸ்விட்சின் "டக்" காதில் விழுந்தது. இத்தனை நாளில் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. சத்தம் மேலேயிருந்து வரவில்லை. கீழேயிருந்து, எனக்கு ஏழெட்டு அடி தள்ளி, கீழ் ஸ்விட்சிலிருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை. சுவரும் பலகையும் மட்டும்தான் இருந்தன.

எனக்கு அது புரிய நேரமாயிற்று. மாணவர் நிற்க வேண்டிய இடம் கீழே. மேலே நிற்க வேண்டியது நான்.

சாவியை எடுத்தேன். பூட்டு துருவேறி இருந்தது, திறக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினேன். எண்ணிக்கொண்டே ஏறினேன். ஏழாவது படியில் நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன்.

மேலே தூசி. தரையில் காலடித் தடம் எதுவும் இல்லை. ஜூலையிலிருந்து யாரும் வரவில்லை என்பது தெரிந்தது. மேல் ஸ்விட்சுக்குக் கீழே காலியான வயர் உருளை ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அதன் மேல் சாக்கை நான்காக மடித்துப் போட்டிருந்தது. உட்காருவதற்கு. உட்கார்ந்தால் ஸ்விட்ச் சரியாகக் கைக்கு எட்டும் உயரம்.

"ஒக்காந்தே பாக்கலாம் சார்" என்று அவள் சொன்னது இதைத்தான்.

உட்கார்ந்தேன். பிறகு அவள் வேலையைப் பார்த்தேன். வயரைச் சுவரில் நேராகக் கொண்டுபோகாமல் உத்திரத்தின் உட்பக்கமாக வளைத்துக் கொண்டுவந்திருந்தாள். கீழே நின்றால் கண்ணில் படாது. கிளிப்புக்குக் கிளிப் ஒரே இடைவெளி. சட்டைப்பையில் இருந்த சிறிய டேப்பால் அளந்தேன், எல்லாம் முப்பது சென்டிமீட்டர். வளைவில் ஒரு வயர்கூட நசுங்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எந்த மாணவரும் இந்த ஜாப்பை அப்படிச் செய்ததில்லை. நானும் செய்ததில்லை. வேலையே மேலேதான் இருந்தது.

லேபில் ஒரு வழக்கம் உண்டு, தட்டுமுன் குரல் கொடுக்க வேண்டும். "தட்டுறேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. தட்டினேன். விளக்கு அணைந்தது.

காத்திருந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. கீழே "டக்". எரிந்தது.

நான் தட்டினேன். அணைந்தது. கீழே "டக்". எரிந்தது.

மூன்றாவது தடவை என் கை ஸ்விட்சின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. தட்டினேன். அணைந்தது. இந்தத் தடவை நேரம் எடுத்தது. இனி வராது என்று நினைத்தேன். வராமல் போய்விடுமோ என்று பயந்தேன் என்பதுதான் உண்மை. பிறகு கீழே "டக்". எரிந்தது.

ஆளுக்கு மூன்று முடிந்தது. ஜாப் சரி.

இறங்கி வந்து ஆபீசுக்குப் போய், பீரோவைத் திறந்து, பழைய கேள்வித்தாள்களை எல்லாம் தரையில் இறக்கி வைத்து விதிப் புத்தகத்தை எடுத்தேன். தேர்ச்சி விதிகள் இரண்டு பக்கம்தான் இருக்கும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எங்களுக்குத் தெரிந்த நான்கு நிபந்தனையும் அதில் முடிந்துவிடும். பக்கத்தைத் திருப்பினால் மூன்றாவது பக்கம் ஒன்று இருக்கிறது. அதில் பதினோராவது விதி. அப்படியே எழுதுகிறேன்:

"ஒரு ஜாப்பை மாணவர் முடித்துப் பார்வைக்குக் காட்டியும், பயிற்றுநர் பதினைந்து வேலை நாட்களுக்குள் பார்வையிடத் தவறினால், அந்த ஜாப் முடிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். பார்வையிடத் தவறியதைப் பயிற்றுநர் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும்."

பிப்ரவரி 12இல் காட்டினாள். மறுநாளிலிருந்து சனி, ஞாயிறு கழித்து எண்ணினால் பதினைந்தாவது வேலை நாள் மார்ச் 4. அவள் கடைசியாகக் குறித்த தேதியும் மார்ச் 4தான். அந்த விதி அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. மார்ச் 4க்குப் பிறகு ஏன் குறிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுத மாட்டேன்.

ஆக, பதினேழாவது ஜாப் மார்ச் 4ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஏப்ரல் 3 செய்முறைத் தேர்வுக்கு அவள் உட்கார்ந்தபோது நான்காவது நிபந்தனையும் நிறைவேறித்தான் இருந்தது. ஜூன் 10இல் வந்த சீட்டு தவறு. பார்வையிடத் தவறியதை நான் எழுதித் தராததால் மட்டுமே அது தவறாக வந்தது.

இதில் ஒரு சிக்கலை நானே உண்டாக்கிவிட்டேன். இந்த எண்ணிக்கைக்கு அடிப்படை அவள் காட்டிய பிப்ரவரி 12. அந்த வரியைத்தான் நான் ரப்பரால் அழித்தேன். மீதிப் பத்து வரியை மட்டும் பார்த்தால் 13ஆம் தேதி காட்டியதாகத்தான் கணக்கு வரும். அப்போதும் ஏப்ரலுக்குள் அடங்கிவிடும் என்றாலும், நோட்டில் அழித்த தடம் இருப்பதால் வாரியம் மொத்தத்தையும் சந்தேகிக்கலாம். ஆகவே, முதல் தேதியை அழித்தது நான்தான், அதில் இன்ன எழுத்து இருந்தது, இன்ன நாளில் அழித்தேன் என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அழிந்த இடத்தை நகலில் வட்டமிட்டிருக்கிறேன். சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய தடம் இப்போதும் தெரிகிறது.

இன்று காலை பதினேழாம் பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். ஆய்வு செய்த நாள் என்ற இடத்தில் 26.10.2024 என்றே எழுதினேன். நூர் பாய் பார்த்துவிட்டு நெற்றிக் கண்ணாடியை இறக்கினார்.

"சஸ்பெண்டு ஆயிருவீங்க சார்."

"ஆகட்டும் பாய்."

"நான் சொன்ன மாதிரி செஞ்சிருந்தா சத்தமில்லாம முடிஞ்சிருக்கும்."

"அந்தம்மா கல்லுல பொய்ய வெட்ட மாட்டேன்னு சொல்லிருக்காக பாய்."

வாரியத்துக்குப் போகும் கவரில் ஒட்டுவதற்குத் தபால் தலையை அவரே எடுத்துக் கொடுத்தார்.

வாரியத்திலிருந்து சான்றிதழ் வரும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், என்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், நான் போவேன். ஆனால் தேர்ச்சி என்பது சான்றிதழ் வருகிற நாளில் நடப்பதில்லை. நிபந்தனைகள் நிறைவேறிய நாளில் நடப்பது. ஜெபா நான்கையும் நிறைவேற்றிவிட்டாள், அவள் இருக்கும்போதே. கல் வெட்டுகிறவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த வரி பொய் இல்லை. விதிப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தையும், என் ஒப்புதலையும், ரெக்கார்டின் பதினேழாம் பக்க நகலையும் இதனுடன் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டுங்கள். நான் செய்ததையும் விடாமல் படியுங்கள்.

இது தபாலில் புதன்கிழமைக்குள் வந்து சேராது என்பதால், நாளை ராயப்பன்பட்டிக்கு வருகிற ரஃபியாவிடமே கொடுத்தனுப்புகிறேன். கல்லறைத் திருநாளன்று நான் வரலாமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. வர வேண்டாம் என்று நீங்கள் சொல்லாவிட்டால், எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போன பிறகு வந்து நின்றுவிட்டுப் போகிறேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஆளுக்கு மூன்று தட்டு முடிந்தபின் மாணவர் கடைசியாக விளக்கை அணைத்துவிட்டு "முடிஞ்சது சார்" என்று சொல்ல வேண்டும் என்று முன்னால் எழுதினேன். 26ஆம் தேதி அது நடக்கவில்லை. நான் மேலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மழை நின்றது. கீழே எந்தச் சத்தமும் வரவில்லை. இன்று காலை லேபைத் திறந்தபோதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அன்று சாயங்காலம் மெயினை நான் அணைக்கவில்லை.

புது மாணவர்கள் கேட்கிறார்கள், பகலில் எதற்கு சார் விளக்கு என்று. கை வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அணைப்பது அவள் முறை.

இப்படிக்கு,
சசிதரன்,
பயிற்றுநர், எலக்ட்ரீசியன் பிரிவு.